குடை பிடித்தவர்

முப்பத்தைந்து வருட அரசுப் பணியில் ஒரு படிவத்தைக்கூட நான் தப்பாக நிரப்பியதில்லை. நான் பட்ட பெரிய அவமானத்துக்கு அதுதான் காரணம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரத்தில் குடியிருந்தோம். பறவை பார்ப்பவர்களின் சங்கம் ஒன்றில் நான் உறுப்பினர். புயல் நாட்களில் நடுக்கடல் பறவைகள் கரைப்பக்கம் ஒதுங்கும். அதில் அபூர்வமான ஒன்றைப் பார்த்து, சங்கத்தின் மாத இதழில் பெயர் வரவேண்டும் என்பது என் பேராசை. மூன்று முறை பதிவு அனுப்பினேன். மூன்று முறையும் 'சாட்சி இல்லை' என்று செயலாளர் திருப்பிவிட்டார். (அவர் நாற்காலியில் நானிருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.)

ஆகவே ரேடியோவில் புயல் என்றதும், சாட்சியாக மனைவி ரோஸியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நீலாங்கரைக்குப் போனேன்.

கவிழ்த்துப் போட்ட படகின் மறைவில் உட்கார்ந்தோம். பைனாகுலர் ரோஸியிடம். என் மடியில் படிவம், கார்பன் வைத்து மூன்று பிரதிகள். குடையைப் படிவத்துக்குப் பிடித்தேன். சாட்சி நனையலாம், படிவம் நனையக் கூடாது.

"என்னங்க, மேல பாருங்க! கருப்பா, பெருசா..."

"இரு ரோஸி. வரிசை எண் ஆறு, காத்தோட திசை. பறவை ஒன்பதுலதான் வருது."

"அதுவரைக்கும் அது நிக்குமா?"

காற்று பதில் சொன்னது. மூன்று பிரதிகளும் பறந்தன. குடையோடு பின்னால் ஓடினேன்.

"சார், அது பேப்பரு! பறவை இந்தாண்ட கீது!" என்று கத்தினார், அந்தப் படகின் சொந்தக்காரர் ஏழுமலை.

முழங்காலளவு அலையில் நின்று படிவத்தைப் பிடித்து நிமிர்ந்தேன். வானத்தில் மேகம் மட்டுமே இருந்தது.

"வால் கத்தரிக்கோல் மாதிரி, தொண்டையில செவப்பு. உங்க தலைக்கு நேர் மேலதாங்க சுத்திச்சு" என்றாள் ரோஸி. நடுக்கடலின் ஃப்ரிகேட் பறவை! நான் பல வருடமாகத் தேடிய அதே பறவை.

ஏழுமலைக்கு என் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "நீயும் பாத்தேன்னு எய்திக்க சார். நான் இன்னா சொல்லப்போறேன்?"

பேனாவைத் திறந்தேன். மனம் சம்மதித்தது, கை மறுத்தது. பார்த்தவர்: ரோஸி. சாட்சி: ஏழுமலை. 'உடனிருந்தவர் செய்த பணி' என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. எந்த வரியையும் காலியாக விட்டுப் பழக்கமில்லாததால், என் பெயரைப் போட்டு 'குடை பிடித்தல்' என்று எழுதினேன்.

செயலாளர் அதை இதழில் ஓர் எழுத்தும் மாற்றாமல் அச்சிட்டார்.

இன்றும் புயல் எச்சரிக்கை வந்தால் ஊரப்பாக்கத்திலிருந்து மகன் போன் செய்வான். "அம்மா ரெடியாப்பா? குடை ரெடியா?" முன்பெல்லாம் ரிசீவரைப் பட்டென்று வைத்துவிடுவேன். இப்போது அப்படியில்லை. குடைக் கம்பி எட்டும் சரியாக இருக்கிறதா என்று போன வாரமே பார்த்துவைத்துவிட்டேன்.