ரேஷன் மேடத்தின் மெமரி

பெங்களூரில் மனிதர்களைவிட ப்ரோகிராம்களை அதிகம் சந்தேகித்த ஒரே ஆள் எங்கள் ரேஷன் மேடம்தான். தொண்ணூறுகளின் கடைசியில், அல்சூர் பக்கம் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே சர்வர். அதைக் கட்டி மேய்த்தவர் மேடம். மர்பி டவுனிலிருந்து நடந்தே வருவார்.

எந்த ப்ரோகிராமும் இவ்வளவு மெமரிதான் எடுக்கலாம் என்று அளவு வைத்திருந்தார். அதனால்தான் அந்தப் பெயர். அளவைத் தாண்டிய ப்ரோகிராம் அங்கேயே செத்துவிடும். முதலாளியுடையதும் ஒருநாள் செத்தது.

"என்னம்மா, நான் ஓனர்!"

"எனக்குத் தெரியும் சார். மெஷினுக்குத் தெரியாதே."

தன் டெர்மினலை மட்டும் அவர் லாக்-அவுட் செய்யவே மாட்டார். மெமரி மொத்தமும் தீர்ந்துவிட்டால் புதிதாக யாரும் உள்ளே நுழைய முடியாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்தான் எதையாவது நிறுத்த முடியும் என்பார். சாப்பிடப் போகும்போதுகூட நாற்காலியில் யாரையாவது காவல் வைப்பார். காவல்காரர் இருமினால், "கீபோர்டு மேல இருமாதப்பா!" என்று கேன்டீனிலிருந்து குரல் வரும்.

ஆம்பூர் செந்திலின் ப்ரோகிராம் தினமும் அளவைத் தாண்டிச் செத்துக்கொண்டிருந்தது. கடுப்பான அவன், அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கினான். ஒவ்வொன்றும் அளவுக்குள் அடக்கம். ஆனால் எங்கோ பிழை. ஒவ்வொரு துண்டும் இன்னும் இரண்டைக் கிளப்பிவிட்டது. அதை ஓடவிட்டபோது முன்னறையில் கஸ்டமருக்கு டெமோ நடந்துகொண்டிருந்தது.

மேடத்தின் திரையைத் தவிர எல்லாத் திரைகளும் உறைந்தன. மேடம் ஒன்றை நிறுத்தினால் நாலு முளைத்தது.

"இன்னாப்பா இது, கொசு மாதிரி வருது!"

எழுந்துபோய் சர்வரின் சுவிட்சையே அணைத்தார். நேராக முன்னறைக்குள் நுழைந்து, "கரண்ட் போச்சு சார், காபி சாப்பிடுங்க" என்றார். கஸ்டமர் தலைக்கு மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார்.

"சர்வருக்கு மட்டும் போச்சு" என்றார் மேடம்.

காபி முடிவதற்குள் சர்வர் எழுந்தது. டெமோ நடந்தது, ஆர்டரும் கிடைத்தது. ஆனாலும் முதலாளி அடங்கவில்லை.

"யாரு மாடித்து? எவன் செஞ்சான்? இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பறேன்!"

செந்தில் சுவரோடு சுவராக நின்றான்.

"நான்தான் சார்" என்றார் மேடம். "ஒரு ப்ரோகிராமுக்கு லிமிட் வெச்சேன். ஒரு ஆளு எத்தனை ப்ரோகிராம் ஓட்டலாம்னு வெக்கல. கதவைத் தொறந்து விட்டது நான்."

முதலாளி முணுமுணுத்தபடி போய்விட்டார். மேடம் செந்திலைப் பார்த்தார்.

"உனக்கு நாளைலேர்ந்து லிமிட் இருக்கு. இப்ப போய் சாப்பிடு, மூஞ்சி வெளுத்துப்போச்சு."

பிறகு எத்தனையோ பெரிய கம்பெனிகளில், பெரிய மெஷின்களோடு வேலை பார்த்துவிட்டேன். இன்றும் திரை உறைந்து நின்றால், "மேடம்..." என்று கூப்பிடத்தான் முதலில் வாய் வருகிறது.