எட்டு மணி நேர ஊர்ச் சேவை

"அப்பா, கோபப்பட மாட்டேன்னு முதல்ல சொல்லு" என்றாள் மார்லி.

டெல்பர்ட் ஸ்டிதமுக்கு அப்போதே பாதிக் கோபம் வந்துவிட்டது. நல்ல செய்தியை யாராவது இப்படி ஆரம்பிப்பார்களா? வாயில் போட்ட முட்டையை மென்றபடியே, "சொல்லித் தொலை" என்றார்.

"இலவசக் கல்லூரிப் படிவம் இருக்குல்ல, அதுல எட்டு மணி நேரம் ஊர்ச் சேவை செஞ்சு கையெழுத்து வாங்கிக் குடுக்கணும். இல்லேன்னா இடம் போயிடும். இன்னிக்குத்தான் கடைசி நாள். சாயங்காலம் அஞ்சு மணி."

டெல்பர்ட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழே முக்கால்.

"ஆறு மாசம் டைம் குடுத்திருப்பாங்களேடி! ஆறு மாசமா என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"சொல்லலாம் சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ கத்துவேன்னு சொல்லல."

"நான் எங்கடி கத்தறேன்!" என்று அவர் கத்திய கத்தலில் அடுத்த வீட்டு நாய் பதிலுக்குக் குரைத்தது.

கோபத்துக்கு நியாயம் இருந்தது. டென்னசி மலையடிவாரத்தில் இருக்கும் கிரேடி ஃபோர்க்கில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் அவர். அவருடைய மஞ்சள் பேருந்தின் முதுகிலேயே இரண்டு வருடமாக அந்த விளம்பரம் ஒட்டியிருக்கிறது. 'நம் ஊர்ப் பள்ளியில் படித்து முடித்தவரா? நம் ஊர்க் கல்லூரியில் உங்களுக்குக் கட்டணம் இல்லை!' ஊர் முழுக்க அதைச் சுமந்து காட்டியவரின் சொந்த மகளுக்கே இடம் இல்லை என்றால், நாளைக்கு எந்த முகத்தோடு வண்டியை எடுப்பது?

அவருக்குப் பதினெட்டு வயதில் அதே கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கட்டட வரைபடம் படிக்க ஆசை. சேர வேண்டிய வாரத்தில் அவருடைய அப்பா மர அறுவை ஆலையில் விழுந்து முதுகை உடைத்துக்கொண்டார். டெல்பர்ட் லாரி ஸ்டியரிங்கைப் பிடித்தார். முப்பத்தொரு வருடம் ஆயிற்று, ஸ்டியரிங்கை இன்னும் விடவில்லை. ஆனால் கையில் பென்சில் சிக்கினால் போதும், பீட்சா பெட்டி, மின்சார பில், தேவாலயத்தில் கொடுக்கும் அட்டை விசிறி என்று எதைக் கண்டாலும் அதில் ஒரு வீடு வரைந்துவிடுவார். தன்னால் முடியாததை மகளாவது படிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் வாழ்க்கையில் பிடிவாதமாகப் பிடித்திருந்த ஆசை. அதற்காக, குளிர்காலம் முழுக்க மார்லி நீட்டிய படிவங்களில் எல்லாம், கால்பந்து ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, அவள் குறி போட்டுக் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுத் தள்ளியிருந்தார்.

"இன்னிக்கு ஸ்கூல் லீவா இருக்கறது நல்லதாப் போச்சு. ஏறு வண்டில!" என்று தன் பழைய பிக்கப் வண்டியின் சாவியை எடுத்தார் டெல்பர்ட்.

எட்டு மணிக்கு இருவரும் தேவாலயத்தின் தரைத்தளத்தில் ஏழைகளுக்கு மளிகை கொடுக்கும் உணவு வங்கிக்குள் நுழைந்தார்கள். அங்கே ஏற்கெனவே பதினாலு பிள்ளைகள் நின்றார்கள். எல்லோர் கையிலும் அதே படிவம். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருமே கடைசி நாளுக்கென்று ஒத்திவைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"வேலையா? எங்க இருக்கு வேலை?" என்றாள் உணவு வங்கியை நடத்திவந்த மிஸ் ஓபல். "இந்த பீன்ஸ் டின்னைப் பாரு டெல்பர்ட். ஏழு மணில இருந்து ஒன்பது தடவை இடம் மாத்திட்டாங்க. ஒருத்தன் அடுக்கறான், அடுத்தவன் கலைச்சு அடுக்கறான். டின்னுக்கே தலை சுத்துது."

"அலமாரியே தப்பான இடத்துல இருக்கு மிஸ் ஓபல். நான் மாத்திக் குடுக்கறேன்" என்று ஒரு அட்டையில் பரபரவென்று வரைந்து காட்டினார் டெல்பர்ட். "மார்லி, அந்தப் பக்கம் பிடி."

"தூசிப்பா. ஹச்!" என்று மார்லி நாற்காலியைத் தேடிக்கொண்டாள்.

பதினாலு பிள்ளைகளையும் வைத்து நாலு அலமாரிகளை அவரே முன்நின்று நகர்த்தினார். அடுக்கு பிரமாதமாக அமைந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான், நாலாவது அலமாரி அறைக்கு இருந்த ஒரே கதவையும் மறைத்துக்கொண்டு நிற்பதை மிஸ் ஓபல் கவனித்தாள். அலமாரியிலோ ஐந்நூறு டின் ஏறியிருந்தது. எல்லோரும் ஜன்னல் வழியாக வெளியே இறங்க வேண்டியதாயிற்று. மிஸ் ஓபலுக்கு எழுபத்திரண்டு வயது. அவளைக் கீழே இறக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள்.

"கையெழுத்து நான் வாங்கிக்கறேன், நீ போய் வண்டியை எடு" என்றாள் மார்லி.

மிஸ் ஓபல் திட்டப்போகிறாள் என்று டெல்பர்ட் வண்டிக்குள் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் படிவத்தைப் படித்த மிஸ் ஓபல், வண்டி வரைக்கும் நடந்துவந்து ஜன்னல் வழியாக அவர் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

"ஜன்னல் வழியா இறங்கினதுல மூளை கலங்கிடுச்சு போல" என்றார் டெல்பர்ட்.

அடுத்தது நாய்கள் காப்பகம். பொறுப்பாளன் ட்ராய் வாசலிலேயே மறித்தான். "நாயை நடக்கக் கூட்டிட்டுப் போகவா வந்தீங்க? வேண்டாம் சார். தயவுசெஞ்சு வேண்டாம். விடியற்காலைல இருந்து ஒவ்வொரு நாயும் பதினோரு தடவை நடந்தாச்சு. கயிற்றைப் பார்த்தாலே கூண்டு மூலைல ஒளிஞ்சுக்குது."

"ஒண்ணே ஒண்ணு குடுப்பா. என் பொண்ணு வாழ்க்கைப்பா."

நீண்ட காதுள்ள ஒரு கிழ வேட்டை நாயைக் காட்டினான் ட்ராய். பெயர் ஜெனரல். ஜெனரல் கயிற்றைப் பார்த்தது, டெல்பர்ட்டைப் பார்த்தது, மல்லாந்து படுத்து நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டது.

"மார்லி, வாடி, நீதானே நடத்தணும்!"

"எனக்கு நாய் முடி ஆகாதுப்பா, உனக்குத் தெரியாதா? ஹச்!"

"நம்ம வீட்டு நாயோட ஒரே தலகாணில தூங்கறியே!"

"அது சொந்தக்கார முடி."

வேறு வழியில்லாமல் ஜெனரலைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு டெல்பர்ட்டே மைதானத்தைச் சுற்றினார். நாய் குறட்டை விட்டது. மூன்றாவது சுற்றில் இடுப்பு பிடித்துக்கொள்ள, நாயை இறக்கிவிட்டு, "உன் கூண்டுக் கதவெல்லாம் தப்பாத் திறக்குது தம்பி" என்று ட்ராயிடம் வரைந்து விளக்கி, தாழ்ப்பாள்களைக் கழற்றி மாற்ற ஆரம்பித்தார். மாற்றி முடித்து ஒரு கதவை இழுத்தார். இருபத்தாறு கதவுகளும் சேர்ந்து திறந்துகொண்டன.

ட்ராய் அலறினான். டெல்பர்ட் கண்ணை மூடிக்கொண்டார். இருபத்தாறு நாய்களும் திறந்த கதவைப் பார்த்தன. வெளியே வெயிலில் கயிற்றோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பதையும் பார்த்தன. எல்லாம் திரும்பிப் படுத்துக்கொண்டன. ஒன்று எழுந்து வந்து கதவை மூக்கால் தள்ளிச் சாத்தியது.

இரண்டு மணி நேரம் என்று ட்ராய் எழுதிக் கொடுத்தான். மிஸ் ஓபல் கொடுத்த ஒன்றரையோடு ஆக மூன்றரை.

நண்பகலில் முதியோர் இல்லத்துக்குப் போனால், பாதிக் கதவுகளில் 'படித்துக்காட்ட வேண்டாம்' என்று காகிதம் தொங்கியது. ஒரே ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே மிஸ்டர் ஹோபர்ட். எண்பத்தாறு வயது, ஒரு காலத்தில் கட்டட ஒப்பந்தக்காரர்.

"புத்தகத்தை எடுத்தே, கொன்னுடுவேன்" என்றார் அவர். "இந்த வாரம் மட்டும் பத்தொன்பது பேர் வந்தாங்க. பத்தொன்பது பேரும் முதல் அத்தியாயம்தான் படிச்சாங்க. கதைல அந்த டாக்டரைக் குத்தினது யாருன்னு தெரியாமலே நான் செத்துப் போகப்போறேன்."

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"உக்காரு. நான் பேசறேன், நீ கேளு."

தனக்கு நடந்த பித்தப்பை அறுவை சிகிச்சையை அவர் ஒவ்வொரு வெட்டாக விவரித்தார். மார்லி தாழ்வாரத்தில் உட்கார்ந்து போனை நோண்டினாள். கேட்டுக்கொண்டே டெல்பர்ட்டின் கை தானாகக் கைதுடைக்கும் தாளில் ஓடியது. சக்கர நாற்காலி தடுக்கிற வாசலுக்கு ஒரு சாய்தளம், அதன் மேலே ஒரு கூரை.

மிஸ்டர் ஹோபர்ட் பித்தப்பையைப் பாதியில் விட்டுவிட்டு அந்தத் தாளைப் பிடுங்கினார். "இதை எங்க படிச்சே?"

"எங்கயும் இல்ல. சும்மா கிறுக்கல்."

"சரிவு கச்சிதமா இருக்கு. இந்தக் கட்டடத்தைக் கட்டினவனுக்கு இது தெரியல. கட்டினவன் நான்தான்." அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "வீணாப் போயிட்டியேய்யா."

டெல்பர்ட் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "எனக்கு வயசாயிடுச்சு சார். பொண்ணு படிக்கட்டும், அது போதும்" என்றார். தாழ்வாரத்தில் மார்லிக்கு மறுபடியும் தும்மல் வந்தது. இந்தத் தும்மலில் மட்டும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இங்கே கிடைத்த இரண்டோடு ஐந்தரை மணி நேரம் சேர்ந்தது. இன்னும் இரண்டரை வேண்டும். மிச்சம் இருந்தது ஆற்றங்கரையைச் சுத்தம் செய்யும் வேலை ஒன்றுதான்.

இரண்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. காலையிலிருந்து அறுபது பிள்ளைகள் பொறுக்கியிருந்தார்கள். ஒரே ஒரு தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு இரண்டு பையன்கள் இழுபறி நடத்தினார்கள். "நான்தான் முதல்ல பாத்தேன்!" "நான்தான் முதல்ல தொட்டேன்!"

டெல்பர்ட் தன் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். இரண்டு வருடத்துக் காப்பிக் கோப்பைகள், வறுத்த கோழிப் பெட்டிகள், கிழிந்த தார்ப்பாய், ஒற்றைக் கால் ரப்பர் செருப்பு. ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்றே அந்த நிமிடம் தோன்றியது.

"அப்பா, வேண்டாம்ப்பா!"

"கொட்டறேன், பொறுக்கறேன். யாருக்கு நஷ்டம்?"

கடைசிக் கோழிப் பெட்டி புல்லில் விழுந்த அதே நொடியில் பின்னால் போலீஸ் வண்டியின் விளக்கு சுழன்றது. இறங்கி வந்தவன் துணை ஷெரிப் கோடி ரெயின்ஸ். அவன் சின்ன வயதில் டெல்பர்ட்டின் பேருந்தில் ஒன்பது வருடம் போய் வந்தவன்.

"மிஸ்டர் டெல், மூணாங்கிளாஸ்ல ஒரு மிட்டாய்க் காகிதத்தைக் கீழ போட்டதுக்கு என்னைப் பஸ் முழுக்கப் பெருக்க வெச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இல்லையேப்பா."

"எனக்கு இருக்கு." கோடி ஒரு கறுப்புச் சாக்கை நீட்டினான். "இதையும் பொறுக்குங்க. இங்கேருந்து பாலம் வரைக்கும் சாலையோரப் பள்ளத்தையும் பொறுக்குங்க. இல்லேன்னா வழக்கு எழுதணும்."

அந்தப் பள்ளத்துக்குள் முள்ளுக்குப் பயந்து எந்தப் பிள்ளையும் இறங்கியிருக்கவில்லை. டெல்பர்ட் இறங்கினார். கால்சட்டை கிழிந்தது. எறும்பு கடித்தது. மார்லி கரைமேல் நடந்தபடி, "அப்பா, அதோ ஒரு டயர்! இதோ ஒரு மைக்ரோவேவ்!" என்று வழிகாட்டினாள். கோடி வண்டியை மெதுவாகப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்து, இரண்டரை மணி நேரமும் ரசித்துப் பார்த்தான்.

நாலே முக்காலுக்கு மார்லி படிவத்தை நீட்டினாள். கோடி படித்தான். முகத்திலிருந்த கேலி காணாமல் போயிற்று. கையெழுத்துப் போட்டுவிட்டு, "மிஸ்டர் டெல், என் பின்னாலேயே வாங்க" என்று சொல்லி, விளக்கைச் சுழலவிட்டுக் கல்லூரி வரைக்கும் வழி விலக்கிக்கொண்டு போனான்.

அந்த ஐந்து நிமிடப் பயணத்தில்தான் டெல்பர்ட்டின் மனச்சாட்சி விழித்துக்கொண்டது. எட்டு மணி நேரத்தில் மார்லி எட்டு நிமிடமாவது வேலை செய்திருப்பாளா? எல்லாம் அவர் செய்தது. இதை அவள் கணக்கில் காட்டுவது பொய் இல்லையா? ஒரு மிட்டாய்க் காகிதத்துக்கே பேருந்தைப் பெருக்கச் சொன்ன மனுஷன் அவர். சொல்லாமல் விட்டால் மகளுக்கு இடம் கிடைக்கும். சொன்னால் முப்பத்தொரு வருட ஆசை தன் வாயாலேயே போகும்.

கல்லூரி அலுவலகத்தில் படிவங்களை வாங்கும் திருமதி லவெர்ன் முத்திரையைக் கையில் எடுத்திருந்தாள். ஐந்து மணியாக மூன்று நிமிடம் இருந்தது. மார்லி படிவத்தை வைத்தாள்.

"நிறுத்துங்கம்மா" என்றார் டெல்பர்ட்.

தலையில் முள், தோளில் நாய் முடி, கையில் ஒற்றை ரப்பர் செருப்பு. வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா, சும்மா இருப்பா!"

"இல்லம்மா. பொய்யில ஆரம்பிக்கிற படிப்பு வேண்டாம்." அவர் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "மேடம், இந்த எட்டு மணி நேரத்துல இவ ஒரு துரும்பைக் கூடக் கிள்ளிப் போடல. டின் அடுக்கினது, நாயைச் சுமந்தது, குப்பை பொறுக்கினது எல்லாம் நான். என்ன தண்டனையோ எனக்குக் குடுங்க. இவளுக்கு மட்டும் இன்னொரு நாள் டைம் குடுங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

திருமதி லவெர்ன் மூக்குக்கண்ணாடியை இறக்கி, படிவத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

"உங்க பொண்ணு அவளோட எட்டு மணி நேரத்தை மார்ச்லயே முடிச்சுக் குடுத்துட்டா மிஸ்டர் ஸ்டிதம், இது உங்களோட படிவம், கட்டட வரைபட வகுப்பு காலைல பத்து மணிக்கு, உங்க ரெண்டு பஸ் நடைக்கும் நடுவுல வர்ற மாதிரி அவதான் கேட்டு வாங்கியிருக்கா, பென்சில் மட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்க."