நமீபியாவில் நான் சும்மா இருந்த விபரம்

நமீபியா,
14 ஓகஸ்ட் 2006

பிராங்பேர்ட்டில் குடியிருக்கும் அன்பின் பெரியக்காவுக்கு, தம்பி யாகோப்பு எழுதிக்கொள்வது. மடுமாதாவின் துணையால் நானும் பிளோறன்ஸும் மகள் லவினியாவும் உயிரோடு இருக்கிறோம். உங்கள் முழங்கால் நோ எப்படியென்று அறிய ஆவல். நிற்க, இக்கடிதம் கண்டவுடன் லவினியாவின் கைத்தொலைபேசிக்கு அடித்து, "தம்பியை வேலையிலை தேடுகினம், உடனை வரட்டாம்" என்று ஒரு பொய் சொல்ல வேண்டும். அந்தப் பாவத்தை என் கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்கிறேன்.

ஐந்து நாளாக வாகனம் ஓடி, அதன் கூரைமேல் கூடாரம் விரித்துப் படுத்து, புழுதி தின்றதெல்லாம் எனக்குச் சுகம்தான், வேலை மாதிரி. இன்றைக்கு ஓய்வுநாளாம். விடிய லவினியா தன் மடக்குக் கதிரைக்குப் பக்கத்தில் இன்னொன்றைப் போட்டு, "அப்பா, ஹனோவரிலை நான் சின்னனாய் இருக்கேக்கை நீங்கள் காலமை பக்டரி, பின்னேரம் ரெஸ்ரோறன்ற் குசினி. அடுத்த மாசம் நான் சுவிசுக்கு வேலைக்குப் போறன். எனக்கு ஒரேயொரு நாள் தாங்கோ. இதிலை சும்மா இருங்கோ" என்றாள். "ஓம் பிள்ளை" என்று இருந்தேன். பன்னிரண்டு நிமிடம் இருந்தேன்.

எங்களுக்கு முன்னால் ஒரு தண்ணீர்க் குட்டை. பக்கத்துக் கூடாரத்து ஜெர்மன் தம்பதி அதைப் பார்த்தபடி ஒரு கதையும் இல்லாமல் இருந்தார்கள். என்ன சண்டையோ என்று மனம் கேட்காமல் எழும்பிப் போய், யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று விசாரித்தேன். "ஒருவருக்கும் இல்லை, விடுமுறையில் இருக்கிறோம்" என்றார் மனிசன். அவருடைய கதிரை ஆடியது, திருகாணியை இறுக்கினேன், குனிந்தபோது அவர்களுடைய கரிச்சட்டி கண்ணில் பட்டது, இருபது வருஷம் குசினியில் நின்றவன் பார்த்துக்கொண்டு இருப்பேனோ, தேய்த்தேன், அது மினுங்கியதைக் கண்டு ஒல்லாந்துக்காரர் நாலு பேர் தங்கள் சட்டிகளையும் கொண்டுவந்தார்கள், வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பலாமோ, சோறும் பருப்பும் வைத்தேன், அந்த மணத்துக்கு ஒரு பபூன் குரங்கு வந்து மிளகாய்த்தூள் போத்தலைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. நீங்கள் வறுத்து இடித்துத் தந்த தூள்! விடுவேனா? நான் கீழே நின்று கத்த, அது மூடியைக் கழற்றி மணந்து, தும்மி, அப்படியே என் தலையில் கொட்டிவிட்டுப் போயிற்று.

ஜெர்மன்காரிதான் என் கண்ணைக் கழுவிவிட்டாள். "இஞ்சாருங்கோ, உங்களுக்கு ஒரு நாள் ஒரு இடத்திலை இருக்க ஏலாதோ?" என்று பிளோறன்ஸ் ஏசினாள். லவினியாவோ என் வெறுங்கதிரைக்குப் பக்கத்தில் இருந்து புத்தகம் வாசித்தாள். அதுதான் அக்கா தூளைவிட எரிந்தது.

இப்போது மணி நாலு. கதிரையில் வந்து இருந்து, கடுதாசியை மடியில் வைத்து ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன். குட்டைக்கு ஒரு ஒட்டகச்சிவிங்கி வந்து நிற்குது. முன்னங்காலை அகட்டும், குனியும், பயந்து நிமிரும், அரை மணித்தியாலமாய் இதே கூத்துத்தான். பொறுக்க ஏலாமல், "பிள்ளை, அதுக்கு நான் ஒரு வாளியிலை அள்ளிக் குடுக்கட்டோ?" எண்டு கேட்டன். திரும்பிப் பார்த்தால் என்ரை தோளிலை சாய்ஞ்சு நித்திரை. அந்தக் காலத்திலை வேலையாலை வந்து நான் கண்டதும் இந்த நித்திரை முகம்தான் அக்கா. பார்த்துப்போட்டுப் படுக்கப் போயிடுவன். இண்டைக்கு எழும்ப மனமில்லை. மூக்கிலை ஒரு இலையான் பறந்து வந்து இருக்குது, இருக்கட்டும். கண்ணாலை தண்ணி ஓடுது. தூள்தான்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். ஆண்டவர் உங்கள் முழங்காலை ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் தம்பி,
யாகோப்பு

பி.கு.: இஞ்சை முத்திரை வாங்கக் கடை இல்லை. கடிதத்தை நானே கொண்டுவந்து தாறன், இன்னொரு போத்தல் தூள் இடிச்சு வையுங்கோ. அந்தப் பொய் இனித் தேவையில்லை, நானே ஒண்டு சொல்லிப்போட்டன். லவினியா இப்ப முழிச்சு, "அப்பா, இன்னும் இதிலையோ இருக்கிறியள்?" எண்டாள். "கால் விறைச்சுப்போச்சு பிள்ளை, நாளைக்கும் எழும்ப ஏலாது போலை கிடக்கு" எண்டன்.