மூன்றாம் வரிசையின் ஈகை

காலை பத்து நாற்பதுக்கு உலகத்தின் எரிபொருள் பஞ்சம் தீரவிருந்தது. தீர்க்கப் போகிறவன் தோப்பில் டை கட்டிக்கொண்டு வியர்த்து நின்றான்.

நான்கு வருட ஆராய்ச்சி. எரிப்பதற்கென்றே வளர்க்கும் மரங்கள் ஆறு வரிசை, இடையே பயறு. இப்படி வளர்த்தால் மண்ணில் கரியும் நைட்ரஜனும் ஏறும் என்று நிரூபித்தால் அவன் 'டாக்டர்'. கரி மண்ணில் ஏறவில்லை. அவன் முகத்தில் பூசிக்கொண்டது. மானத்தைக் காத்தது நைட்ரஜன். அதுவும் மூன்றாம் வரிசையில் மட்டும், மற்றவற்றைவிட நான்கு மடங்கு. இதற்கு 'மரத்தின் ஈகைக் குணம்' என்று பெயர் சூட்டி இருநூறு பக்க ஆய்வேடு எழுதினான். அதை முழுதாகப் படித்தவர் ஒருவர். அவனேதான்.

இன்று இறுதித் தேர்வு. கிளம்பும்போது மனைவி சொன்னாள்: "நாலு வருஷமா மண்ணைத்தான் அள்ளிக் கொட்டிக்கிறீங்க. இன்னைக்கும் டாக்டர் ஆகலைன்னா எங்கப்பாகிட்ட நீங்களே பேசிக்குங்க."

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மூன்றாம் வரிசையில் குனிந்து, ஒரு பிடி மண்ணை எடுத்து பக்தியோடு முகர்ந்தார்.

"அதே மரம், அதே பயறு. இந்த வரிசைக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாராளம்?"

"உள்ளேருந்து தானா சுரக்குது சார்."

"ஆஹா!" என்று உருகினார் அவனுடைய கைடு.

"உரம் போட்டீங்களா?" தேர்வாளர் விடவில்லை.

"ஒரு பிடி போடலை சார்."

"ஆடு, மாடு?"

"வேலி இருக்கு சார். வேணும்னா வாட்ச்மேனைக் கேளுங்க."

சாட்சியை அவனே கைதட்டி அழைத்தான். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவர் என்று அவன் தினமும் கிண்டல் செய்யும் வாட்ச்மேன், தொப்பியைக் கழற்றிக்கொண்டு அறிவியலின் முன் வந்து நின்றார்.

"இந்த வரிசைக்கு ஆடு மாடு, வெளி ஆள் யாராவது வந்ததுண்டா?" என்று கேட்டார் தேர்வாளர்.

"ஒரு ஈ காக்கா வந்ததில்லைங்க."

ஆய்வாளன் நிமிர்ந்தான். கைடு, "வாழ்த்துகள், டாக்டர்!" என்று கையை நீட்டினார்.

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "இங்க ஒரு கக்கூஸ் கட்டுங்கன்னு நானும் சொல்லாத நாளில்லைங்க. கொட்டகை மறைக்கிறதால ரோட்டுக்குத் தெரியாதது இந்த மூணாவது வரிசை ஒண்ணுதான். தம்பியும் பாவம், நாலு வருஷமா வேற எங்கதான் ஒதுங்குவாரு?"