‘வேற காட்டட்டா’ அண்ணன் கல்லூரியில் சேர்ந்த கதை

ஒரு கல்லூரியில் உள்ள எல்லாப் பாடப்பிரிவுகளையும் பிரித்துப் போடச் சொல்லி, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, “பார்டர் சரியில்லை” என்று திருப்பிக் கொடுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். பெரிய காஞ்சிபுரத்தில் அவரை எல்லோரும் ‘வேற காட்டட்டா’ அண்ணன் என்போம்.

பட்டுப்புடவைக் கடையில் விற்பனையாளர். வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெள்ளை மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். வந்தவரின் புருவம் லேசாகச் சுருங்கினால் போதும், “வேற காட்டட்டாக்கா?” என்று அடுத்த புடவையை விசிறிவிடுவார். கடைக்கு வெளியிலும் இந்த வியாதி அவரை விடவில்லை. ஒருநாள் வெளியூர்க்காரர் ஒருவர் ஏகாம்பரநாதர் கோயிலுக்கு வழி கேட்டார். அண்ணனும் சொன்னார். கேட்டவர் வெயிலை நினைத்துக் கொஞ்சம் தயங்க, “வேற கோயில் காட்டட்டா சார்?” என்றார் அண்ணன். எங்கள் ஊரில் அந்தச் சரக்குக்குப் பஞ்சமா என்ன?

தொண்ணூறுகளின் கடைசி. பன்னிரண்டாம் வகுப்பைத் தட்டுத்தடுமாறித் தாண்டிய நான், மாலை நேர வகுப்பு நடத்தும் தொழிற்கல்லூரி ஒன்றில் விண்ணப்பம் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் சலவை மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில் அண்ணன். மகனுக்கு இடம் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“யாருக்கு அட்மிஷன்?” என்றார் ஜன்னலுக்குள் இருந்த எழுத்தர் அம்மாள்.

“எனக்குத்தான் மேடம்.”

அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார். “எந்த கோர்ஸ்?”

“என்னென்ன இருக்குது? எடுத்துப் போடுங்க, பாக்கலாம்.”

“போர்டுல எழுதியிருக்குது. படிச்சுட்டு வாங்க.”

“போர்டுல இருக்கறது ஷோகேஸ் பீஸு மேடம். உள்ள ஸ்டாக்கு இன்னா இருக்குது?”

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அம்மாள் சிரிக்கவில்லை. வயதைக் காரணம் காட்டித் துரத்தலாம் என்று விதிமுறைகளைப் புரட்டினார். மாலை வகுப்புக்கு வயது வரம்பே இல்லை. “பிரின்சிபாலைப் போய்ப் பாருங்க” என்று கையைக் காட்டிவிட்டு, “நெக்ஸ்ட்!” என்று என் மேல் எரிந்து விழுந்தார். அப்போது நான் வாயைக்கூடத் திறக்கவில்லை.

முதல்வரின் அறைக்கதவு திறந்தே இருந்ததால் உள்ளே நடந்ததை வரிசை முழுக்கக் கேட்டது.

“இது காலேஜுங்க. எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் சேருவேன்னா எப்படி?”

“சார், போன தையில உங்க வீட்டம்மா எங்க கடைக்கு வந்தாங்க. மேல் மாடி ஸ்டாக் முழுக்க எறக்கிப் போட்டேன். காலையில வந்தவங்க, சாயங்காலம் ஒரு பிளவுஸ் பிட்டு வாங்கிக்கினு போனாங்க. நான் ஏதாவது சொன்னேனா?”

பிறகு முதல்வரின் குரல் மிகவும் தணிந்து வந்தது. “எந்த வகுப்புல வேணும்னாலும் உக்காந்து பாருங்க. கடைசித் தேதிக்குள்ள மட்டும் முடிவு சொல்லிடுங்க.”

அது ஆடி மாதம். முகூர்த்தம் இல்லாததால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளியும் அவரைச் சாயங்காலங்களில் போகவிட்டார். அண்ணன் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கினார். எலெக்ட்ரீஷியன் வகுப்பில் ஒயர்களைத் தடவிப் பார்த்து, “கலரு நல்லா இருக்குது சார். ஆனா ஷாக் அடிக்குதே” என்றார். வெல்டிங்கில், “பளபளப்பு பிரமாதம். ஆனா கண்ணுக்கு ஆவாது.” படம் வரையும் பிரிவில், “ரொம்ப பிளெய்னா இருக்குது சார்.” தையல் பிரிவில் எட்டிப்பார்த்ததுதான் தப்பு. அங்கிருந்த பெண்கள் தங்கள் முந்தானையை நீட்டி, “இது அசல் ஜரிகைதானா அண்ணா?” என்று சூழ்ந்துகொள்ள, அன்று அங்கே பாடமே நடக்கவில்லை. ஆசிரியை தன் புடவையைக் கடைசியாகக் காட்டினார்.

ஒரு மாலை டீக்கடையில் அவரிடம் கேட்டேன். “இந்த வயசுல எதுக்குண்ணே இதெல்லாம்?”

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். “இத்தினி வருஷமா அடுத்தவங்க செலக்ஷனுக்கே தலையாட்டிக்கினு இருக்கேன்பா. எனக்குன்னு ஒரு தபா நானே செலக்ட் பண்ணிப் பாக்கறனே.”

அன்று அவர் டீக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

கடைசியில் ஏ.சி. மெக்கானிக் வகுப்பு அவருக்குப் பிடித்துப்போனது. குளிர்பெட்டியைத் திறந்து காட்டியபோது முகத்தில் அடித்த காற்றிலேயே மயங்கிவிட்டார். “இதான்பா. பேக் பண்ணிட வேண்டியதுதான்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் கண் வைத்திருந்ததும் அதே வகுப்புதான். சென்னையில் என் சித்தப்பா ஒரு ஏ.சி. கம்பெனியில் இருந்தார். அந்தப் படிப்பு படித்தால் வேலை நிச்சயம் என்றிருந்தார். நான் கட்டணத்துக்காக அலைந்து முடிக்கவும் கடைசி நாள் வரவும் சரியாக இருந்தது.

அன்றும் வரிசையில் அவர் முன்னால், நான் பின்னால்.

“ஏ.சி.யில ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி” என்றார் எழுத்தர் அம்மாள்.

அண்ணன் பேனாவைத் திறந்தார். பிறகு என்ன தோன்றியதோ, திரும்பி என்னைப் பார்த்தார். “உனுக்கு எதுபா?”

எனக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. “ஏ.சி.தாண்ணே. பரவால்ல, நீங்க...”

அவர் பேனாவை மூடினார். “மேடம், அத இந்தத் தம்பிக்குப் போடுங்க.”

“ஏங்க, நீங்கதானே முதல்ல நிக்கிறீங்க?”

“கஸ்டமர் கை வச்ச புடவைய நாம தொடக்கூடாது மேடம். வேற இன்னா இருக்குது?”

பிளம்பிங் இருந்தது. அதுவரை அவர் எட்டிக்கூடப் பார்க்காத ஒரே வகுப்பு. பிரித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். நன்றி சொல்லப் போன என்னை, “போபா, போபா” என்று விரட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். ஏறும்போது வேட்டி செயினில் மாட்டியது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

வகுப்பு தொடங்கிய அன்று எல்லாப் பிரிவினரையும் கூடத்தில் உட்காரவைத்துப் பெயர் வாசித்தார்கள். ஒரு பெயருக்கு மட்டும் பதிலே இல்லை. மறுபடி வாசித்தார்கள். “வரலையா?” என்று ஆசிரியர் அந்தப் பெயரை அடிக்கப்போகும் நேரத்தில், “சார், சார், அது நான்தான்!” என்று பதறி எழுந்தார் அண்ணன். கூடமே சிரித்தது. உட்கார்ந்ததும் என் காதில், “என் பேர இப்பிடி மைக்குல கூப்ட்டு கேட்டதே இல்லபா” என்றார். வகுப்பு முடியும்வரை முகம் கழுவிவிட்டாற்போல் இருந்தது.

ஆவணி பிறந்தது. கடையில் கல்யாணக் கூட்டம். ஆறு மணி ஆனதும் அண்ணன் மெத்தையை விட்டு எழுந்து, “அக்கா, நீங்க பாத்துக்கினே இருங்க, நான் படிச்சுட்டு வந்துடறேன்” என்று கிளம்பிவிடுவார். முதலாளி பல்லைக் கடிப்பார். வகுப்பு முடிந்து அவர் திரும்பும்போது அந்த அக்காக்கள் அதே மாம்பழ மஞ்சளுக்கும் அரக்குக்கும் நடுவே தவித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வியாபாரமும் தவறியதில்லை என்பதால் முதலாளியால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

படித்துத் தேறினார். கடை வேலையையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பையோடு வந்து, எங்கள் தெருவுக்கெல்லாம் குழாய் வேலை பார்த்தார். பித்தளைக் குழாய்களைத் துண்டு விரித்து வரிசையாக அடுக்கி, அம்மாவிடம் ஒவ்வொன்றின் அழகையும் விவரிப்பார். ரிப்பேர் பத்து நிமிடம், பேச்சு அரை நாள். நான் படிப்பு முடித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த சேதியை, என்னை விட அவர்தான் அதிகம் பேரிடம் சொன்னார்.

இப்போது அவர் பெங்களூரில் மகளோடு இருக்கிறார். போன மாதம் ஊருக்குப் போனபோது எங்கள் கொல்லைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஆள் கூப்பிடலாமே என்றேன்.

“அவர் வைகாசியில கருட சேவைக்கு வருவார்டா. வேற யார் கையும் அதுல பட வேணாம்” என்றாள் அம்மா.

கருட சேவைக்கு இன்னும் எத்தனையோ நாள் இருந்தது. நான் வாளியை எடுத்துக் குழாய்க்கு நேராக வைத்தேன்.