மாமனார் ஆகவேண்டியவர் என் வெப்சைட்டை வாசித்த கதை

எங்கள் பக்கம் ஒரு சம்பந்தம் கூடுமா கூடாதா என்பதை ஜாதகம் சொல்லாது, தரகரும் சொல்லமாட்டார், சோற்று இலைதான் சொல்லும். பெண்வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார்கள். காப்பி குடிப்பார்கள், அது கணக்கில் சேராது. பேச்சு முடிந்து, எழுந்துபோய், இலை முன்னால் உட்கார்ந்து கை நனைத்தால் சம்மதம். "இன்னொரு நாளு சாப்புட்டுக்கலாங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினால் முடிந்தது கதை. அப்படிச் செருப்புத் தேடியதை நான் கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். (பார்க்காமல் எங்கே போவது? மாப்பிள்ளையே நான்தான்.)

அதற்குக் காரணம் ஒரு வெப்சைட். அந்த வெப்சைட்டுக்கும் நானேதான் சொந்தக்காரன்.

அப்போது நான் பெரம்பலூரில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டென்ட். படித்தது எஞ்சினியரிங், பார்த்தது மவுஸ் துடைக்கும் வேலை. சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் அப்பா பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார். எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் சாகச வீடியோ கேம். சாகசம் என்றதும் சுடுவது, உதைப்பது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பாழடைந்த மாளிகைக்குள் மாட்டிக்கொண்டு, எந்தப் பூந்தொட்டிக்கடியில் சாவி இருக்கிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் விளையாட்டு அது. மாட்டிக்கொண்டால் வாரக்கணக்கில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படி மாட்டிக்கொண்ட ஒரு நாளில்தான் ரசிகர்கள் நடத்தும் வெப்சைட்டுகளைக் கண்டுபிடித்தேன். ஏதோ ஒரு குளிர் நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் ஒவ்வொரு மாளிகைக்கும் கையால் வரைபடம் போட்டு வைத்திருந்தார். கறுப்புப் பின்னணி, கண்ணைக் குத்தும் பச்சை எழுத்து. பார்த்துப் பத்து நிமிஷம் ஆனால் சுவரெல்லாம் பச்சையாகத் தெரியும். இன்னொரு தளத்தை நடத்தியது ஓர் அம்மாள். எவன் வந்து என்ன கேட்டாலும் பொறுமையாகப் பதில் எழுதுவார். எப்போதோ எவனோ "கதவு திறக்க மாட்டேன் என்கிறது" என்று அழுதிருப்பான், கீழே அந்த அம்மாள், "கவலைப்படாதே, ஜன்னலைப் பார்த்தாயா?" என்று கேட்டிருப்பார். எனக்கு அதைப் படித்தால் கண் கலங்கும். என்னை அப்படி அக்கறையாக வாழ்க்கையில் யாரும் ஜன்னலைப் பார்க்கச் சொன்னதில்லை.

அந்த உருக்கத்தில் நானும் தமிழில் ஒன்று தொடங்கினேன். பெயர் "அடுத்து என்ன செய்யணும்". வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், அதிலும் பாதி நான். அதில் நான் உயிரைக் கொடுத்து எழுதியது ஒரு கடற்கரை மாளிகை விளையாட்டுக்கான வழிகாட்டி. கதாநாயகன் புதிதாகக் கல்யாணம் ஆனவன். பெண்ணின் அப்பா கொடுமைக்காரப் பணக்காரர், பெற்ற மகளையே மாடியில் பூட்டி வைத்திருக்கிறார். அவரை ஏமாற்றி அவளை மீட்க வேண்டும். அந்தப் பணக்காரரின் பெயர் வாயில் நுழையவில்லை, தமிழில் எழுதினாலும் அடங்கவில்லை. மனைவியின் அப்பாதானே, "மாமனார்" என்று எழுதிவிட்டுப் போவோம் என்று பக்கம் பூராவும் அப்படியே எழுதினேன். எழுதும்போது பெரிய மேதாவி என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அடுத்த மாதமே அரியலூரில் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் தேன்மொழி, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் அப்பாவுக்கு ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை. ஷிஃப்ட் தொடங்கும் முன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பாதுகாப்பு விதிகளை உரக்க வாசிப்பது அவர் பொறுப்பு. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் "புரிஞ்சுதா?" என்று கேட்பார். வீட்டிலும் அப்படியே பேசினார். "காப்பி சூடா இருக்கு. ஊதிக் குடிக்கணும். புரிஞ்சுதா?"

பெரியவர்கள் பெருந்தன்மையாக எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசவிட்டார்கள். வேலை முடிந்து வந்து என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். வாய் உளறிவிட்டது, வெப்சைட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று பயந்தேன். சிரிக்கவில்லை.

"மாட்டிக்கிட்டீங்கன்னா, அடுத்தவங்க எழுதி வெச்சதப் பாக்காம எவ்வளவு நேரம் தாக்குப் புடிப்பீங்க?"

"ஒரு மணி நேரம்" என்றேன். (அதுவே பொய்.)

"நானா இருந்தா பாக்கவே மாட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான், நான் காலி. திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். இந்தப் பெண் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று மனதுக்குள் சத்தியமே பண்ணிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண்வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். தேன்மொழி வரவில்லை, பெண் வருவது வழக்கமில்லை. எங்கள் தோட்டத்துச் சின்ன வெங்காயத்தைப் போட்டு அம்மா சாம்பார் வைத்திருந்தார். வடை, பாயசம், உள் அறையில் இலை எல்லாம் தயார். சாம்பார் வாசனை ஹாலுக்கு வந்தது. வந்தவர்களின் கண் அடிக்கடி உள்ளே போய் வந்தது. பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரிதான்.

அப்போது சம்பளப் பேச்சு வந்தது. அப்பா மழையை எடுப்பார் என்று பார்த்தால், "பையன் சும்மா இல்லீங்க, சொந்தமா வெப்சைட் வெச்சிருக்கான்" என்றார். சொந்தமாக ரைஸ்மில் வைத்திருக்கிறான் என்கிற தோரணையில் சொன்னார். பெண்ணின் அப்பா, அந்த அரியலூர்க்காரர், நிமிர்ந்து உட்கார்ந்தார். பார்க்கலாமா என்றார்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நெட் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் யாரும் நம்பாமல் இருந்திருக்கமாட்டார்கள். நான் என்ன செய்தேன்? லேப்டாப்பைக் கொண்டுவந்து டிவியில் இணைத்தேன், எல்லோருக்கும் தெரியட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கினேன், மவுஸை அவர் கையில் கொடுத்து, "எந்தப் பக்கம் வேணாலும் பாருங்க மாமா" என்றேன். (மாமாவாம். அதற்குள் உறவுமுறை!)

அதிகம் பேர் படித்த பக்கம் மேலே இருந்தது. அதைத் தொட்டார். எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். ஷிஃப்ட் தொடங்கிவிட்டது.

"காலையில் மாமனாருக்குக் கொடுக்கும் பாலில் மயக்க மருந்தைக் கலக்கவும். குறைவாகக் கலந்தால் விழித்துக்கொள்வார்." பழக்க தோஷத்தில், "புரிஞ்சுதா?" என்றார். அவர் சொந்தக்காரர்களும் பழக்க தோஷத்தில் தலையாட்டினார்கள்.

"அவர் இடுப்பில் உள்ள பீரோ சாவியை எடுக்கவும். நகைகளில் ஒன்றையும் விடவேண்டாம், பின்னால் தேவைப்படும். புரிஞ்சுதா?"

"மனைவி கதவைத் தட்டி அழுவாள். இப்போதைக்குக் கண்டுகொள்ள வேண்டாம்."

இந்த இடத்தில் "புரிஞ்சுதா" வரவில்லை. அவருக்கே புரியத் தொடங்கியிருந்தது. நான் எழுந்து, அது கேம், விளையாட்டு என்று ஏதோ சொன்னேன். "இருங்க தம்பி, முழுசாப் படிச்சிடுறேன்" என்றார். பாதுகாப்பு விதியைப் பாதியில் விடும் ஆள் இல்லை அவர்.

"மாமனாரைக் கிணற்றடிக்கு வரவழைத்து, பின்னாலிருந்து தள்ளவும்."

கீழே வாசகர் கேள்வி ஒன்று இருந்தது. அதையும் படித்தார். "அண்ணா, மாமனாரைத் தள்ளாமல் முடிக்க வழியே இல்லையா?" அதற்கு என் கைப்பட நான் எழுதிய பதில்: "இல்லை தம்பி. நானும் எவ்வளவோ யோசித்துவிட்டேன். தள்ளித்தான் ஆகவேண்டும். முதல் தடவை சங்கடமாக இருக்கும், பிறகு பழகிவிடும்."

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மகனைத் தூக்கி நிறுத்த வேண்டிய நேரம் இது என்று மட்டும் விளங்கிவிட்டது. "எதச் செஞ்சாலும் திட்டம் போட்டுத்தாங்க செய்வான்" என்றார்.

அரியலூர்க்காரர் ஜன்னல் வழியாகக் கொல்லைப்புறத்தைப் பார்த்தார். "கெணறு நல்ல ஆழமுங்களா?"

"தலைகுப்புற உழுந்தாலும் தரை தட்டாதுங்க" என்றார் அப்பா பெருமையாக.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கேமையே போட்டுக் காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. போட்டேன். கடைசியாக விட்ட இடத்திலிருந்து அது தொடங்கியது. விட்ட இடம் கிணற்றடி. டிவியில் அக்கா வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த புது ஸ்பீக்கர் வேறு. மாமனார் கிணற்றுக்குள் விழுந்த அலறலில் வேன் டிரைவரே உள்ளே எட்டிப் பார்த்தார்.

அரியலூர்க்காரர் மவுஸை மெதுவாக மேஜையில் வைத்தார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது சண்டை போட்டுச் சமாதானம் ஆகியிருக்கலாம். "இன்னொரு நாளு சாப்புட்டுக்கலாங்க" என்றார்.

எல்லோரும் செருப்பைத் தேடினார்கள். வேன் போயிற்று. விரித்த இலைகள் விரித்தபடி கிடந்தன. அம்மா பாயசத்தை அக்கம்பக்கத்தில் கொடுத்தனுப்பினார். அன்றைக்கு நான் பட்ட வேதனையை இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செத்துப்போகலாம் போல இருந்தது, ஆனால் இருந்தது ஒரே கிணறு, அதற்குள் இறங்கினால் ஊர் இன்னும் சிரிக்கும்.

தரகர் விஷயத்தை இரண்டு மாவட்டத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். என் தளத்துக்குக் கூட்டம் அலைமோதியது. ஆள் வரவில்லையே என்று வருஷக்கணக்கில் ஏங்கியவனுக்கு இப்படியா வரவேண்டும்? வேப்பந்தட்டையிலிருந்து ஒருவன், "மாமியாருக்கு என்ன மருந்து அண்ணா?" என்று கேட்டான். குன்னத்திலிருந்து ஒருவர் கிணறு வெட்டித் தருவதாக எழுதினார். முதலில் ஒவ்வொன்றாகப் படித்து அழுதேன். பிறகு படிப்பதையே விட்டுவிட்டேன். எவன் என்ன எழுதினாலும் கீழே ஒரே பதிலை ஒட்டிக்கொண்டே போனேன்: "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. தொடர்ந்து வாசியுங்கள்."

அடுத்த வருஷம் தரகர் வேறு ஜாதகத்தோடு வந்தார். பேச்சுவாக்கில், அந்த அரியலூர்ப் பெண்ணுக்கு ஜெயங்கொண்டத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது என்றார். எனக்கு உள்ளே என்னவோ அறுந்தது. அக்கா என்னைத் தேற்ற நினைத்து, அந்தக் கேலியையெல்லாம் எடுத்துப் படித்துச் சிரிக்கலாம் வா என்று போனில் தளத்தைத் திறந்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்திவிட்டாள். போனை என் பக்கம் திருப்பினாள்.

"மாமனாரைக் கிணத்துல தள்ளாமலே முடிக்கலாம். யாரு எழுதினதையும் பாக்காம நானே முடிச்சேன். எங்க அப்பாவையும் பக்கத்துல உக்கார வெச்சு வெளயாடிக் காட்டினேன், இப்ப அவருக்குக் கோவம் இல்ல. எப்படி முடிச்சேன்னு கேட்டீங்கன்னா சொல்றேன். – வாசகி, அரியலூர்."

அவர்கள் வந்துபோன மாசமே எழுதியது. அதற்குக் கீழே என் பதில்: "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. தொடர்ந்து வாசியுங்கள்."

"கேளுன்னு சொல்லியிருக்காடா அந்தப் புள்ள. கேளுன்னுதானடா சொன்னா?" என்றாள் அக்கா. அந்தக் குளிர் நாட்டுக்காரரோ, அந்த அம்மாளோ இப்படி ஒரு கேள்வியைத் தவறவிட்டிருப்பார்களா? மனுஷனாகப் பிறந்தவன் செய்கிற காரியமா இது?

அதன்பிறகு அந்த விளையாட்டை முதலிலிருந்து எத்தனை தடவை ஆடினேன் என்று எனக்கே தெரியாது. பால், சாவி, படிக்கட்டு, கோழிக்கூண்டு, எல்லாவற்றையும் புரட்டிவிட்டேன். குளிர் நாட்டுக்காரரிடம் எழுதிக் கேட்டேன். அப்படி ஒரு வழி கிடையவே கிடையாது என்று அடித்துச் சொன்னார். அவருக்கு அரியலூரைத் தெரியாது.

இப்போது எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மனைவிக்கு அரும்பாவூர். கதை முழுக்கத் தெரிந்துதான் கட்டிக்கொண்டாள். அக்கா நிச்சயத்தன்றே சொல்லிவிட்டாள், மறைக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. ஆதார் கார்டில் திருத்தம் நடக்காமல் நான் திண்டாடினாலும், மோட்டார் ஓடாமல் தோட்டத்தில் நின்றாலும், பிள்ளையின் கணக்குப் பாடத்தில் விடை வராமல் தலையைச் சொறிந்தாலும், அவள் அடுப்படியிலிருந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வாள். எங்கள் வீட்டில் இப்போது எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், சின்னவன் உட்பட.

"அரியலூர்ல கேட்டுப் பாருங்களேன்."