கடைக்காரர்களைத் துரத்திய அட்வான்ஸ்

நீலகிரி மலையிலேயே கடைக்காரர்கள் கண்டு பயந்து ஒளிந்த ஆள் ஒருவன்தான். அவன் யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைத்ததில்லை. அதனால்தான் ஒளிந்தார்கள்.

நடுவட்டத்துக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கு அப்போது வேலை. எல்லோரும் இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள். லயம் என்கிற கூலி வரிசை வீட்டில் அவனும் நானும் ஒரே அறை. அவனுக்கு மீசை முளைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பேர் அட்வான்ஸ். பெற்றவர்கள் வைத்தது வேறாக இருக்கும். யாரும் கேட்டதில்லை.

சம்பளம் வாங்கியதும் நாங்கள் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போவோம். பாக்கி அப்படி. அட்வான்ஸ் நேராக ஓடுவான். வரப்போகும் மாதத்து டீக்கெல்லாம் இப்போதே பணம் கட்டுவான். சலூனில், இன்னும் வளராத முடிக்கு வெட்டுக்கூலி கொடுப்பான்.

டீக்கடை ராசப்பன் முதலில் சந்தோஷமாகத்தான் வாங்கிப் போட்டார். பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அட்வான்ஸ் டீ குடிக்கிறவன் இல்லை. மிச்சம் பிடிக்கிறவன். குடிக்காத டீயெல்லாம் கடையில் அவன் பேரில் சேர்ந்துகொண்டே போனது. கட்டிய காசோ அன்றன்றே பாலிலும் சர்க்கரையிலும் போய்விடும். மாதக் கடைசியில் அவன் தலை தெரிந்தால் ராசப்பன் விறகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். ஊட்டிக்குப் போயிருக்கிறார் என்று விறகே சொல்லும்.

காசைக் கையில் வைத்தால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். அவன் நின்று பதில் சொல்கிற ஆள் இல்லை. நானும் கூடவே ஓடினேன்.

"நோட்ட நம்ப ஏலாதுடா. அங்க சேத்த சல்லி கப்பல் ஏறினதும் பாதியாப் போச்சு. டீ அப்படியா? எந்த அரசாங்கம் வந்தாலும் ஒரு டீ ஒரு டீதான்."

"சரி, எங்களப்போலக் கடன் சொன்னா என்ன?"

"எங்கப்பாவ அங்க கடைக்காரன் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. பாக்கின்னுதான் கூப்பிடுவான். செத்த அன்னைக்கும் பாக்கி போயிட்டானான்னுதான் கேட்டான்."

சலூன் வரைக்கும் கூடவே ஓடினேன்.

ஒரு சனிக்கிழமை சம்பளம். வழக்கம்போல் ஓடிக் கட்டிவிட்டுக் காலிச் சட்டைப்பையோடு வந்தான். லயத்து வாசலில், கப்பலில் வருகிறவர்களைத் தங்கவைக்கும் மண்டபம் முகாமிலிருந்து வந்த ஒருவர் அவனுக்காகக் காத்திருந்தார். அட்வான்ஸின் அம்மாவும் தங்கச்சியும் கப்பலில் வந்துவிட்டார்களாம். செவ்வாய்க்குள் போய்க் கூட்டி வராவிட்டால் ஆந்திராப் பக்கம் ஏதோ மில்லுக்கு ஏற்றிவிடுவார்களாம். எந்த மில் என்று அவருக்குத் தெரியவில்லை. அப்படிப் போன சொந்தங்களை இன்னும் தேடிக்கொண்டிருந்தவர்கள் எங்கள் லயத்திலேயே இருந்தார்கள்.

வட்டிக்காரன் வாசலிலேயே நிற்கிறான், வாங்கிக்கொண்டு போ என்றேன்.

"கடன் வாங்கிக் கூட்டியாந்தா எங்கம்மா பஸ்ஸ விட்டு எறங்காதுடா."

ராத்திரி முழுக்க அறைக்குள் நடந்தான். ஞாயிறு காலையில் ராசப்பனிடம் போனோம். விறகுக்குப் பின்னால் போக அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

"ஏனுங்க, காசு எங்கீங்க இருக்குது? டீ வேணும்னா எத்தன வேணும்னாலும் குடிங்க."

அட்வான்ஸ் உட்காரவில்லை. வாசலுக்குப் போனான், திரும்பினான், மறுபடி போனான். கூடலூர் பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். அவர்கள் முன்னால் போய் நின்றான்.

"டீ பாதி விலை. சல்லிய என்கிட்ட குடுங்க, டீய அவருகிட்ட குடிங்க."

கூட்டம் சேர்ந்துவிட்டது. தன் கடை வாசலிலேயே தன் டீயை இன்னொருவன் விற்பதை ராசப்பன் ஆற்றிக்கொண்டே பார்த்தார். இது என்ன நியாயம் என்றார். அது என் டீங்க என்றான் இவன். அதுவும் சரிதான். மறுபடி பால் வைத்தார்.

அடுத்து சலூன். வெட்டு பாதி விலை. சேதி லயத்துக்குப் போய் எல்லா ஆண்களும் வந்துவிட்டார்கள். முந்தினநாள் சம்பளம், கையில் காசு இருந்தது. தலையில்தான் முடி இல்லை. வெட்டியவனே மறுபடி உட்கார்ந்தான். எனக்கு வியாழக்கிழமைதான் வெட்டியிருந்தது. நானும் உட்கார்ந்தேன். சலூன்காரர் கொஞ்சநேரம் காற்றில் கத்தரியை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்தார். மொட்டைதான்.

ஊட்டி பஸ் ஹாரன் அடித்துவிட்டது. எண்ணிப் பார்த்தான். போகிற செலவுக்குக் காணும், மூன்று பேர் திரும்பிவரக் காணாது. என் பையிலும் ஒன்றுமில்லை. வயிறு முழுக்க டீ.

அப்போது ராசப்பன் தன் கடையில் தானே ஒரு டீ ஆற்றினார். நின்றபடி குடித்தார். வேட்டி மடிப்பிலிருந்து நோட்டை எடுத்து அட்வான்ஸ் கையில் வைத்தார்.

"பாதி விலைதானுங்களே. மிச்சத்துக்கு நாளைக்குக் குடிச்சுக்கறேன். சக்கர கம்மியா இருக்குதுங்க."

பஸ் புறப்பட்டது. ஓடிப்போய் ஏறினான்.

திங்கள், செவ்வாய் யாருக்கும் வேலை ஓடவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் பஸ் சத்தம் கேட்டாலே எல்லோரும் தலையைத் தூக்கினோம். புதன் சாயங்காலம் வேலை விட்டதும் ரோட்டுக்கு வந்து நின்றோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மழைச் சாரல். பஸ்ஸிலிருந்து அட்வான்ஸ் இறங்கினான். பின்னால் தங்கச்சி. கடைசியில் ஒரு தகரப் பெட்டியோடு அம்மா. இறங்கினவள் எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடா, இங்க யாரும் செத்துட்டாங்களா? எல்லா ஆம்பளயும் மொட்டயா நிக்கிறாங்க."

"இல்லம்மா. ஒங்களக் கூட்டியாந்தது இவங்கதான்."

நான் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். நல்ல கனம். வழியில் இரண்டு பேர் கை மாற்றக் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை.